டியூப் லைட் நீலமாகத் தெரிந்த இரவு

எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. பினாங்கில் ரிலாவ் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருபது வருடமாக இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கி, இப்போது ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு பிரச்சினை வந்தது. அதை மனைவியிடம் சொல்ல ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடம் எங்கள் இருவரையும் வதைத்த அளவுக்கு அந்தப் பிரச்சினைகூட வதைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மனைவியோடு இருக்கும்போது எனக்கு விறைப்பு வரவில்லை. வந்தாலும் நிற்கவில்லை. முதல் தடவை ஓவர்டைம் செய்த அசதி என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை நைட் ஷிப்டைக் காரணம் சொன்னேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு காரணம் தேடத் தோன்றவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அவள் பக்கத்தில் வந்தாலே மனசு எங்கோ மேலே போய் உட்கார்ந்துகொண்டு, 'வருதா, வரலையா' என்று என் உடம்பையே காவல் காக்கும். வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கட்டிலில் இருக்கும் ஆள் தன்னைத் தானே வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டால் உடம்பு ஒத்துழைக்காது. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்தக்குழாய் சுருங்கும். விறைப்பு வர வேண்டுமானால் ரத்தக்குழாய் விரிய வேண்டும். ஒரு தடவை தவறினால் வரும் பயம், அடுத்த தடவையும் தவற வைத்துவிடும்.

நான் ஒளியத் தொடங்கினேன். யாரும் கேட்காமலே நைட் ஷிப்டுக்குப் பெயர் கொடுத்தேன். வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் தூங்கும் வரை ஹாலில் உட்கார்ந்து பந்து ஆட்டம் பார்ப்பேன். கையைப் பிடித்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் கையைப் பிடிப்பதையும் விட்டேன். சமையல்கட்டில் அவளைக் கடந்து போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது என் பழக்கம். அதுவும் நின்றுபோனது. அது நின்றதை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்திருக்கிறாள்.

தமிழில் இதற்கு 'ஆண்மைக் குறைவு' என்று பெயர் வைத்திருக்கிறோம். காலில் சுளுக்கு என்றால் கால்தான் சுளுக்கிக்கொண்டது. இதில் மட்டும் ஆளே ஆளில்லை என்று ஆகிவிடுகிறது. பாதி நோயை இந்தப் பெயரே உண்டாக்கிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் 'விறைப்புக் குறைபாடு' என்று எழுதுகிறார்கள், அதையே நாமும் சொல்லிப் பழக வேண்டும். பலர் இதை மலட்டுத்தன்மையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு.

சிறு வயதில் முடி வெட்டும் கடையில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கிடக்கும். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று ஆரம்பிக்கும் விளம்பரங்களை அண்ணன்களோடு சேர்ந்து படித்திருக்கிறேன். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, தாது நஷ்டம். முப்பது வருடம் கழித்து அந்த வரிகள் அப்படியே திரும்பி வந்தன. பதினாறு வயதில் கைப்பழக்கம் இருந்ததற்கு இப்போது தண்டனை என்று உண்மையாகவே நம்பினேன். அந்தப் பழக்கத்தால் நரம்பு தளராது. விந்து செலவாகித் தீர்ந்து போகவும் போகாது. இந்தப் பயம் நம் ஆட்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்றால், இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இலேயே இதற்கு 'தாது சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

இப்படி இருந்த காலத்தில் வேலையிடத்து நண்பன் ஒருவன் ஒரு கோப்பி பாக்கெட் கொடுத்தான். நான் எதையும் சொல்லவில்லை, அவன் தன் அனுபவமாகத்தான் சொன்னான். "தொங்காட் அலி போட்டது மச்சான். வேருதானே, ஒன்னும் செய்யாது." மேலே ஒரு குதிரைப் படம், தங்க நிற எழுத்து. ஒரு பாக்கெட் பத்து வெள்ளி (ரிங்கிட்). குடித்தேன், வேலை செய்தது. மறுவாரமும் வேலை செய்தது. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தோஷத்தில்தான் மூன்றாவது தடவை இரண்டு பாக்கெட்டைச் சேர்த்துக் கலக்கினேன்.

முக்கால் மணி நேரத்தில் முகம் கொதித்தது. மூக்கு அடைத்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டால், டியூப் லைட் வெளிச்சம் நீலமாக இருந்தது. தரையில் இருந்த வெள்ளை டைல்ஸ், நீலம் அதிகமாகப் போட்டுத் துவைத்த வேட்டி மாதிரி தெரிந்தது. பார்வை போகப் போகிறது என்று நினைத்து, ஐஸ் பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். மனைவி பத்தடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பவில்லை. 'செத்தாலும் பரவாயில்லை, இவளுக்குத் தெரியக்கூடாது' என்று அப்போது நினைத்தேன். விடிந்து தலைவலி குறைந்த பிறகு யோசித்தால், நெஞ்சு அடித்ததை விட அந்த நினைப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை அங்கேதான் எடுக்கிறேன். இனிப்பு நீரும், அதாவது சர்க்கரை நோயும், இருக்கிறது என்று மூன்று வருடம் முன்பே சொல்லியிருந்தார்கள். ஒழுங்காக ரத்தப் பரிசோதனைக்குப் போனதில்லை. கட்டணம் ஒரு வெள்ளி. அதற்கு மேல் நான் செலவழிக்க வேண்டியிருந்தது வாயைத் திறக்கும் தைரியம் மட்டும்தான்.

அறைக்குள் இருந்தது தமிழ் டாக்டர், ஒரு பெண், என் மூத்த மகளை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். "என்ன அங்கிள், எப்படி இருக்கீங்க?" என்றார். கால் மரத்துப் போகிறது என்றேன், தூக்கம் சரியில்லை என்றேன். மாத்திரை எழுதி முடித்து, "வேற ஏதும் இருக்கா அங்கிள்?" என்றார். இல்லை என்று சொல்லி எழுந்து கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. வாய் வராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று காலையில் மூன்று வரி எழுதி வைத்திருந்தேன்: விறைப்பு வருவதில்லை. ஆண்களுக்கான கோப்பி குடித்தேன். நெஞ்சு படபடப்பு. திரும்பி வந்து சீட்டை மேசையில் வைத்தேன்.

இதை எல்லோருக்கும் சொல்கிறேன். வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, மலாயில் 'லெமா தெனாகா பாத்தின்' என்று எழுதினாலும் சரி, அவர்களுக்குப் புரியும். எந்த டாக்டருக்கும் இது புது விஷயம் இல்லை.

அவர் சீட்டைப் படித்துவிட்டு முதலில் கேட்டது: "நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுக்கிறீங்களா?" இல்லை என்றேன். அடுத்துக் கேட்டது: "லைட் எல்லாம் நீலமாத் தெரிஞ்சுச்சா?"

அதை நான் சீட்டில் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

"அது வேர் செய்யிற வேலை இல்ல அங்கிள். மாத்திரை செய்யிற வேலை" என்றார். விறைப்புக்காகக் கொடுக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்து கண்ணின் விழித்திரையில் உள்ள ஒரு நொதியையும் கொஞ்சம் தடுக்கும், அளவு கூடினால் சிலருக்குப் பார்வையில் நீலம் ஏறும். இயற்கை என்று விற்கும் கோப்பிகளில் இந்த மருந்தையோ இதே வகையான தடாலாஃபிலையோ அளவில்லாமல் கலந்துவிடுகிறார்கள். சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரிக்கை விட்டிருக்கிறது. நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் இதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், உயிரே போகலாம். அதனால்தான் அதை முதலில் கேட்டிருக்கிறார். இங்கே முறையாகப் பதிவான மருந்தோ மூலிகைத் தயாரிப்போ என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். என் குதிரைப் பாக்கெட்டில் எந்த எண்ணும் இல்லை.

அப்புறம் ஐந்து கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். மொத்தம் 25. 22ஓ அதற்கு மேலோ என்றால் பிரச்சினை இல்லை. எனக்கு 9 வந்தது. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்றும் கேட்டார். எனக்கு அது உறைத்தது. காலையில் ஒழுங்காக வந்து, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் மனசுதான் காரணம். இரண்டிலும் இல்லை என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். எனக்குக் காலையிலும் குறைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உடம்பு ஆரம்பித்து வைத்ததை மனசு பிடித்துக்கொண்டது என்பதுதான் என் கதை.

ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 10.4. ஏழு பக்கத்தில் இருக்க வேண்டியது. சர்க்கரை கூடினால் நரம்பும் கெடும், ரத்தக்குழாயின் உள்சுவரும் கெடும். அந்த உள்சுவர்தான் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியவைக்கிறது. இதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. வயாக்ரா என்ற அந்த நீல மாத்திரை (சில்டெனாஃபில்தான்) அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே வருடம்தான்.

டாக்டர் ஒரு பேனாவையும் அதன் ரீஃபிலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். ஆணுறுப்புக்குப் போவது ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். அடைப்பு விழுந்தால் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பாகவே விறைப்புக் குறைபாடு வருவது சகஜம் என்றார். "உங்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்திருக்கு அங்கிள். அதை மறைச்சு வச்சிட்டீங்க" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இசிஜி, கொழுப்பு, எல்லாம் பார்த்தார்கள். நல்லவேளை, இதயத்தில் பெரிய கோளாறு இல்லை. சிகரெட்டை அன்றோடு விடவில்லை, விட நாலு மாதம் ஆனது.

நம் சமூகத்துக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் பத்துப் பேரை எடுத்தால் மூன்று பேருக்கு இனிப்பு நீர். எல்லா இனத்தையும் விட நமக்குத்தான் அதிகம். இனிப்பு நீர் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறைபாடும் இருக்கிறது. தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்குப் படியேறும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது இந்தக் கணக்கு மனசுக்குள் ஓடுகிறது. எத்தனை பேர் யாரிடமும் சொல்லாமல் ஏறுகிறார்களோ.

டாக்டர் சொன்னதில் இன்னும் இரண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில இந்தப் பிரச்சினையைக் கூட்டும், ஆனால் நாமாக நிறுத்தக்கூடாது. சொன்னால் மாற்றித் தருவார்கள், எனக்கு ஒன்றை மாற்றினார். ஆண் ஹார்மோன் குறைவோ என்று பார்க்க வேண்டுமானால் காலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு அது சரியாகவே இருந்தது, ஊசி எதுவும் தேவைப்படவில்லை.

கடைசியில் அவர் கேட்டது, "ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

அந்தச் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் வரும் வழியில் குயின்ஸ்பே கடலோரம், ஜெரெஜாக் தீவுக்கு எதிரில் காரை நிறுத்தினேன். நல்ல மழை. வீட்டில் அம்மாவும் இருக்கிறார், மகனும் இருக்கிறான், எதையும் பேச முடியாது. காரில் பேசுவதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசலாம், முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. "எனக்கு உடம்புல ஒரு கோளாறும்மா. டாக்டர்கிட்ட போயிட்டேன். உன்னால இல்ல" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன், கோப்பி உட்பட.

அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்சீட்டில் இருந்த மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "வேற எவளோ இருக்கான்னு நெனச்சிட்டிருந்தேங்க" என்றாள். என் ஃபோனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். எதுவும் கிடைக்காதபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை. கர்ப்பப்பை எடுத்ததிலிருந்து தான் எனக்கு வேண்டாதவளாகிவிட்டோம் என்று முடிவு செய்திருக்கிறாள். தலையில் பூ வைப்பதை அவள் விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை நான் அந்தக் காரில் வைத்துத்தான் உணர்ந்தேன். கொஞ்சம் கழித்து மெல்லச் சொன்னாள்: "எனக்கும் வலிச்சுச்சுங்க. வறண்டு போகுது. நீங்க கிட்ட வராதது ஒரு பக்கம் அழுகையா இருந்துச்சு, ஒரு பக்கம் நிம்மதியாவும் இருந்துச்சு."

இருபத்துநாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறோம். நான் வாயை மூடிக்கொண்டது அவளைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். நான் சொல்லாமல் விட்ட இடத்தில் அவள் தனக்குத் தெரிந்த மிக மோசமான கதையைப் போட்டு நிரப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் அவளும் அதே டாக்டரிடம் போனாள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கு ஃபார்மசியில் கிடைக்கும் ஜெல்லும், எழுதிக் கொடுத்து வாங்கும் ஹார்மோன் கிரீமும் இருக்கின்றன. அவளுக்கு அது இரண்டு மாதத்தில் சரியானது. சகித்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை அது.

ஆலோசகர் ஒருவரிடமும் எங்களை அனுப்பினார்கள். அவர் கொடுத்த வீட்டுப்பாடம் எனக்கு முதலில் புரியவில்லை: நாலு வாரத்துக்கு உடலுறவு கூடாது. முயற்சியே செய்யக்கூடாது. வாரம் இரண்டு தடவை, இருபது நிமிடம், ஒருவரை ஒருவர் தொட வேண்டும். கை, முதுகு, தலை, பாதம். மார்பும் உறுப்பும் அப்புறம். எது இதமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். இதுவும் மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்த முறைதான். தேர்வையே ரத்து செய்துவிட்டால் தோற்பதற்கு ஒன்றுமில்லை, காவல் காக்கும் மனசுக்கும் வேலையில்லை.

முதல் நாள் அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. "இது எப்ப?" என்றேன். "பெரியவ பொறந்த வருஷம், தோசைக்கல்லு" என்றாள். அந்தக் கையால்தான் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மூன்றாவது வாரம், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் படுத்திருந்தபோது விறைப்பு தானாக வந்தது. ஆலோசகர் சொன்னபடி அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமே. அறுநூற்றுச் சொச்சம் சதுர அடி வீட்டில் எங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது கழற்றியது. இரும்புக் கடையில் ஆறு வெள்ளிக்கு ஒன்று வாங்கி நானே பொருத்தினேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவார், மகன் பந்து விளையாடப் போவான். அந்த இரண்டு மணி நேரம் எங்களுடையது. நடுத்தர வயதுத் தம்பதிகளுக்கு மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரு தாழ்ப்பாளும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். முதல் தடவை நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுப் போட்டேன், பலன் இல்லை. கொழுப்பான சாப்பாடு இருந்தால் மருந்து ரத்தத்தில் சேரத் தாமதமாகும். லேசான வயிற்றோடு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். போட்டால் தானாக எதுவும் நடக்காது, ஆசையும் தொடுதலும் வேண்டும். ஒரே தடவையில் முடிவு கட்டாமல் ஆறேழு தடவையாவது பார்க்க வேண்டும். நைட்ரேட்டோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது. மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், போட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த ஒன்றரை வருடத்தில் 'இருந்து என்ன ஆகப் போகிறது' என்று பல இரவு எனக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டர் அதையும் கேட்டார், நானும் சொன்னேன். அப்படித் தோன்றுகிறவர்கள் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது.

போன மாதம் சர்க்கரை 7.0. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் ரத்தம் கொடுக்கிறேன், தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன். முப்பது வயதில் இருந்தது போல இல்லை. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில், "சரி விடுங்க, இந்தத் தோளைக் கொஞ்சம் அமுக்கி விடுங்க" என்பாள். சமையல்கட்டில் கடந்து போகும்போது தட்டிவிட்டுப் போகும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு வாரம் முன்பு எனக்குக் கோப்பி கொடுத்த அதே நண்பன் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தான். இப்போதெல்லாம் இரண்டு பாக்கெட் போட்டாலும் ஒன்றும் ஆவதில்லை மச்சான் என்றான். காரில் ஏறி உட்காரச் சொன்னேன். என் கதை முழுவதையும் சொன்னேன். அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக இனிப்பு நீர் எப்போது பார்த்தாய் என்றால், பார்த்ததே இல்லை என்கிறான். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பேன், வெறும் வயிற்றோடு இறங்கி வா என்று சொல்லியிருக்கிறேன். இரவே ஒரு சீட்டில் மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.